கையில் சாவி, வாசலில் காத்திருப்பு

2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளை நம் தீவு மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு 12 மணி அடிக்கும் அதே வேளையில், அதாவது நமக்குக் காலை 5.30 மணிக்கு, நடு நிக்கோபாரில் உள்ள கட்சால் தீவின் கிழக்குக் கடலில் சூரியன் தலை காட்டும் என்று கணக்கிட்டிருந்தார்கள். புதிய ஆயிரமாண்டின் முதல் உதயம் என்று பத்திரிகைகள் எழுதின. அதுவரை கட்சால் என்ற பெயரையே கேட்டிராத மெயின்லேண்டுக்காரர்கள் அன்று வரைபடத்தை விரித்துத் தேடினார்கள்.

அதே வேளையில் உலகெங்கும் கணிப்பொறித் துறையினர் கண் விழித்து உட்கார்ந்திருந்தனர் என்பது பலருக்கு நினைவிருக்கும். ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கங்களால் மட்டும் குறித்து வைத்திருந்த பழைய நிரல்கள், 99க்குப் பின் 00 வரும்போது என்ன செய்யுமோ என்ற அச்சம் அவர்களுக்கு. ஒரு பக்கம் சூரியனுக்காகக் காத்திருந்த தீவு. மறு பக்கம் கடிகாரத்துக்காகக் காத்திருந்த கணிப்பொறிகள். இவ்விரண்டுக்கும் இடையில் இனி எந்த உறவும் ஏற்படாது என்று அன்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் கட்சால் ரப்பர் தோட்டத்து லயங்களில் பிறந்தவர்களின் பிள்ளைகள் இன்று கணிப்பொறி படிக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

என் தங்கையின் மகள் சென்னையில் ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டுத் தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, 'ரிக்கர்சிவ் லாக்' என்றால் என்ன என்று கேட்டார்கள். ஒரே இழை ஒரே பூட்டைத் திரும்பத் திரும்பப் போட அனுமதிக்கும் பூட்டு என்று புத்தகத்தில் இருந்தபடி சொன்னேன். சரி, ஏற்கெனவே பூட்டியவன் மறுபடி எதற்காகப் பூட்ட வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை."

"இலக்கணம் தெரிகிறது, காரணம் தெரியவில்லை. அப்படித்தானே அம்மா?"

"ஆமாம் மாமா. எல்லாம் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததுதான்."

அவளுக்கு அன்று நான் சொன்ன விளக்கத்தையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். கணிப்பொறி அறியாத பெரியவர்களும் படிக்கலாம். தோட்டத்துக் கிடங்குச் சாவியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இழையும் பூட்டும்

முதலில் 'இழை' என்பதைப் பார்ப்போம். ஒரு நிரல் என்பது கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் வேலைப் பட்டியல். அந்தப் பட்டியலை ஒருவர் மட்டும் வரிசையாகச் செய்துகொண்டு போனால் குழப்பம் இல்லை. ஆனால் இன்றைய நிரல்களில் ஒரே வீட்டுக்குள் பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். ஒருவர் திரையில் எழுத்தைக் காட்ட, இன்னொருவர் கோப்பைச் சேமிக்க, மற்றொருவர் செய்தி வருகிறதா என்று பார்க்கிறார். இப்படி ஒரே நிரலுக்குள் தனித்தனியே ஓடும் ஒவ்வொரு வேலை ஓட்டத்தையும் இழை என்கிறோம். வீடு ஒன்று, அடுப்படி ஒன்று, அரிசிப் பானை ஒன்று. ஆட்கள்தான் பலர்.

சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. கப்பல் பயணச்சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கப்பலில் ஒரே ஒரு பங்க் இடம் மீதி இருக்கிறது. இரண்டு கவுண்ட்டர்களில் இரண்டு எழுத்தர்கள். முதலாமவர் ஏட்டைப் பார்க்கிறார்: மீதி 1. அவர் சீட்டை எழுதத் தொடங்குகிறார். எழுதி முடித்து ஏட்டில் 0 என்று திருத்துவதற்குள் இரண்டாமவரும் ஏட்டைப் பார்க்கிறார்: மீதி 1. அவரும் எழுதுகிறார். ஒரே இடத்துக்கு இரண்டு பயணிகள்! இருவரில் எவரும் தவறு செய்யவில்லை. பார்ப்பதற்கும் திருத்துவதற்கும் இடையில் இருந்த சிறு இடைவெளிதான் தவறு செய்தது.

இது வெறும் இருக்கைச் சண்டையோடு நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். 1985 முதல் 1987 வரை, தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் 6 நோயாளிகளுக்கு அளவு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் உயிரிழந்தனர். இயந்திரத்தை ஆட்டுவித்த நிரலின் பகுதிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒரு பகுதியிலுமாகச் சுமார் 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினர். ஒரு மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய நிரல் இதே வகைப் பிழையால் மௌனமாகிவிட்டதும் அதற்குக் காரணங்களில் ஒன்று.

இதற்கு மருந்துதான் பூட்டு. ஏட்டைப் பார்த்துத் திருத்தி முடிக்கும் வரை அறையைப் பூட்டிக்கொள். அதுவரை அடுத்தவர் வாசலில் நிற்கட்டும். நெதர்லாந்துக்காரரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களில் இதற்கு ஒழுங்கான வடிவம் தந்தார். அவர் அதற்குச் 'செமஃபோர்' என்று பெயரிட்டார். இரயில் பாதையின் கைகாட்டி மரத்துக்குரிய பெயர் அது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வராமலிருக்க, ஓட்டுநரிடம் டோக்கன் என்னும் ஓர் உருண்டையைக் கொடுத்தனுப்பும் பழக்கம் நம் நாட்டு இரயில்வேயில் நெடுங்காலம் இருந்தது. உருண்டை கையில் இருந்தால்தான் வண்டி நகரும். நம் தீவுகளில் இரயில் கிடையாது. ஆயினும், மெயின்லேண்டில் கிராமப்புற இரயில் நிலையங்களில் காத்திருந்த பெரியவர்கள் அந்த உருண்டை கைமாறுவதைப் பார்த்திருப்பார்கள்.

தன்னையே பூட்டிக்கொண்டவன்

இனி கட்சாலுக்கு வருவோம். 1964இல் கையெழுத்தான சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதியினர் கட்சாலின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். கமோர்ட்டா, நன்கௌரி தீவுகளுக்கு மேற்கே, நிக்கோபாரிப் பழங்குடி மக்களின் மண்ணில், மலைநாட்டுத் தோட்டத்தின் பழக்கவழக்கங்கள் அப்படியே வந்து வேர் விட்டன. லயம், பிரட்டு, கங்காணி என்ற சொற்கள் கப்பலேறி வந்தன. விடியுமுன் பிரட்டு, பிறகு பால் வெட்டு. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுக்க வேண்டும். அமிலம் கலந்து உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைவீட்டில் தொங்கவிட வேண்டும். எத்தனை கிலோ என்று ஏட்டில் ஏறுகிறதோ அதுவே குடும்பத்தின் அரிசி.

அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில் ஒரு கிடங்கைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கிடங்குக்கு ஒரே சாவி. அது அலுவலக ஆணியில் தொங்குகிறது. கிடங்கில் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விதித்தாள் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். 'தகடு வரவு வைத்தல்' என்ற விதித்தாளின் முதல் வரி: ஆணியிலிருந்து சாவியை எடு. கடைசி வரி: சாவியை ஆணியில் மாட்டு. 'இருப்பு எண்ணுதல்' என்ற விதித்தாளுக்கும் அதே முதல் வரி, அதே கடைசி வரி. தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரியான விதிகள்.

இப்போது ஒரு தொழிலாளி சாவியை எடுத்துக் கிடங்கைத் திறந்து தகடு வரவு வைக்கிறார். அந்த விதித்தாளின் நடுவில் ஒரு வரி சொல்கிறது: 'இருப்பு எண்ணும் வேலையைச் செய்'. அவர் அந்த விதித்தாளைப் பார்க்கிறார். முதல் வரி: ஆணியிலிருந்து சாவியை எடு. ஆணியில் சாவி இல்லை! சாவி இல்லாவிட்டால் வரும்வரை காத்திரு என்பது விதி. விதியை மீறாத அந்த நல்ல மனிதர் ஆணியைப் பார்த்தபடி நிற்கிறார். சாவியோ அவருடைய மடியிலேயே இருக்கிறது. அவரே திருப்பி மாட்டாமல் அது ஆணிக்கு வராது. அது ஆணிக்கு வராமல் அவர் வேலை முடியாது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

மனிதனானால் ஒரு நொடியில் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவான். கணிப்பொறிக்குச் சிரிக்கத் தெரியாது. காலம் உள்ளவரை நிற்கும். அதற்குப் பின்னால் வருகிற இழைகளும் வரிசையாக நிற்கும். இதை முட்டுக்கட்டை என்கிறோம். ஆங்கிலப் பெயர் டெட்லாக்.

பெயரும் எண்ணிக்கையும்

இதற்கு வழி என்ன? ஆணிக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டை மாட்டுங்கள். சாவி எடுப்பவர் அதில் தம் பெயரையும் பக்கத்தில் 1 என்ற எண்ணையும் எழுத வேண்டும். அடுத்து யாராவது சாவி கேட்டு வந்தால் சிலேட்டைப் பார்க்க வேண்டும். வேறொருவர் பெயர் இருந்தால் காத்திருக்க வேண்டும். தம் பெயரே இருந்தால் காத்திருக்கத் தேவையில்லை. எண்ணை 2 என்று திருத்திவிட்டு வேலையைத் தொடரலாம். உள்வேலை முடிந்ததும் எண்ணை 1 ஆக்க வேண்டும். வெளிவேலையும் முடிந்து எண் 0 ஆகும்போதுதான் பெயரை அழித்துச் சாவியை ஆணியில் மாட்ட வேண்டும்.

ரிக்கர்சிவ் லாக் என்பது இவ்வளவுதான். தமிழில் மீள்நுழைவுப் பூட்டு எனலாம். சாதாரணப் பூட்டுக்குத் தெரிந்தது ஒரே செய்தி: பூட்டியிருக்கிறதா, இல்லையா. மீள்நுழைவுப் பூட்டுக்கு மேலும் இரண்டு செய்திகள் தெரியும்: பூட்டியவர் யார், எத்தனை முறை பூட்டினார். எத்தனை முறை பூட்டினாரோ அத்தனை முறை திறக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சாவி ஆணிக்குத் திரும்பாது.

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஏன்?

தேர்வில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். பொருள்நோக்கு நிரலாக்கம் என்பது தகவலையும் அதைக் கையாளும் வேலைகளையும் ஒன்றாகக் கட்டி ஒரு 'பொருள்' ஆக்கும் முறை. மேலே சொன்ன கிடங்கும் அதன் விதித்தாள்களும் சேர்ந்து ஒரு பொருள். விதித்தாள்களைச் செயற்கூறுகள் என்கிறோம். நார்வே நாட்டில் 1967இல் உருவான சிமுலா மொழியில் இந்த எண்ணம் தோன்றியது. 1970களின் தொடக்கத்தில் பெர் பிரிஞ்ச் ஹான்சனும் டோனி ஹோரும், ஒவ்வொரு பொருளுக்கும் அதன் பூட்டையும் சேர்த்தே கொடுத்துவிடலாம் என்ற கருத்தை வளர்த்தனர். 1995இல் வெளியான ஜாவா மொழி அதையே கடைப்பிடித்தது. ஜாவாவில் எந்தப் பொருளை உண்டாக்கினாலும் அதனுடன் ஒரு பூட்டும் பிறக்கிறது. அந்தப் பூட்டு மீள்நுழைவுப் பூட்டு.

அது அப்படித்தான் இருந்தாக வேண்டும். ஒரு பொருளின் செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைப்பது அன்றாட வழக்கம். அதைவிட முக்கியமானது மரபுரிமை. கிடங்கு என்ற இனத்திலிருந்து 'புகைவீட்டுக் கிடங்கு' என்ற புதிய இனத்தை உண்டாக்குகிறோம் என்று வையுங்கள். மகனுடைய 'வரவு வைத்தல்' முதலில் தகடு காய்ந்ததா என்று பார்க்கிறது. பிறகு, 'மீதியை அப்பா செய்வது போலவே செய்' என்று தகப்பனுடைய 'வரவு வைத்தல்' வேலையை அழைக்கிறது. இருவர் விதித்தாளிலும் முதல் வரி 'சாவியை எடு' என்றே இருக்கிறது. பொருள் ஒன்று, பூட்டும் ஒன்று. சாதாரணப் பூட்டாக இருந்தால் மகன் தகப்பனைக் கூப்பிட்ட அந்தக் கணமே வேலை நின்றுவிடும். தகப்பன் இனத்தை எழுதியவர் யாரோ; மகன் இனத்தை எழுதியவர் யாரோ. ஒருவர் போட்ட பூட்டு மற்றவருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. இதற்காகவே ஏற்கெனவே பூட்டியவனும் மறுபடி பூட்ட வேண்டியிருக்கிறது.

சி பிளஸ் பிளஸ் மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரம் சாதாரணப் பூட்டு, மீள்நுழைவுப் பூட்டு இரண்டையும் தந்து, வேண்டியதை எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டது. பைத்தான் மொழியிலும் இரண்டும் உண்டு. கோ மொழியின் பூட்டோ மீள்நுழைவை அனுமதிப்பதில்லை. லினக்ஸ் இயக்க அமைப்பில் 1996இல் வந்த பெரும்பூட்டு ஒன்று மீள்நுழைவுப் பூட்டாக இருந்தது. 2011இல் அதை முழுவதும் அகற்றிவிட்டார்கள். அதன் உட்கருவில் இன்றுள்ள மியூடெக்ஸ் பூட்டை ஒருவரே இரு முறை போட முடியாது. இவ்வளவு வசதியான பூட்டை வேண்டாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்களே, ஏன்? இதற்கு விடை சொல்ல, நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும்.

பூட்டு காக்காத இடம்

பல ஆண்டுகளுக்கு முன், உற்பத்தி அளவின்படி கூலி கொடுக்கும் ஒரு தொழிற்சாலைக்காக நான் ஒரு நிரல் எழுதினேன். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு கணக்குப் பொருள். அதில் 'பதிவு செய்', 'திருத்து', 'ஊக்கத்தொகை பார்' என்ற செயற்கூறுகள். நாளின் மொத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஊக்கத்தொகை உண்டு. எழுத்தர் ஒரு பதிவைத் திருத்தினால், நிரல் பழைய பதிவை நீக்கி, ஊக்கத்தொகையை மறுபடி பார்த்து, புதிய பதிவைச் சேர்க்கும். இந்த வரிசையை எழுதியவன் நான்தான்.

சோதனையின்போதே நிரல் திருத்தும் இடத்தில் நின்றுவிட்டது. 'திருத்து' பூட்டியிருக்க, 'ஊக்கத்தொகை பார்' மறுபடி பூட்ட முயன்றது. தன்னையே பூட்டிக்கொண்டவன் கதை. நாள் நெருங்கிவிட்டது. நான் அதிகம் யோசிக்கவில்லை. சாதாரணப் பூட்டை எடுத்துவிட்டு மீள்நுழைவுப் பூட்டைப் போட்டேன். நிரல் ஓடியது. நானும் மகிழ்ந்தேன்.

சில வாரங்களுக்குப் பின் புகார் வந்தது. திருத்தம் செய்யப்பட்ட நாட்களில் மட்டும் சிலருக்கு ஊக்கத்தொகை வரவில்லை. காரணத்தைத் தேடிக் கண்டபோது வெட்கமாக இருந்தது. பழைய பதிவு நீங்கிவிட்டது. புதிய பதிவு இன்னும் ஏறவில்லை. அந்த இடைவெளியில் நாளின் மொத்தத்தைப் பார்த்தால் அது குறைவாகத்தானே இருக்கும்? குறைவென்றால் ஊக்கத்தொகை இல்லை என்று நிரல் தீர்ப்பு எழுதிவிட்டது.

பூட்டு தன் கடமையில் தவறவில்லை. வேறு எந்த இழையும் அந்த நேரத்தில் உள்ளே வரவில்லை. ஆனால் பாதி வேலையில் இருந்த கணக்கை நானே பார்த்தேன். பிறர் கண்ணிலிருந்து காக்கிற பூட்டு, என் கண்ணிலிருந்து எப்படிக் காக்கும்? முதலில் நிரல் நின்றதே, அது ஒரு கோளாறு அல்ல, எச்சரிக்கை. 'கணக்கு இன்னும் பாதியில் இருக்கிறது, இப்போது எண்ணாதே' என்று சாதாரணப் பூட்டு எனக்குச் சொல்லியிருக்கிறது. நான் அதன் வாயை அடைத்துவிட்டேன்.

அன்றிரவு எனக்கு என் தாயார் நினைவுதான் வந்தது. கட்சாலில் பால் நிறுக்கும் இடத்தில், தராசு முள் நிற்கும் வரை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பார். எழுத்தறியாதவர். ஆனால் ஏட்டில் எழுத்தர் எண்ணை எழுதி முடிக்கும் வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். ஆடும் முள்ளைப் பார்த்து எடை சொல்லக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நிரல் எழுதப் படித்த எனக்குத் தெரியவில்லை. விடுபட்ட தொகை பிறகு உரியவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. எனினும், அந்த மாதக் கடைசியில் அவர்கள் வீட்டில் என்ன குறைந்தது என்பது எனக்குத் தெரியாது.

இதற்குச் சரியான முறை எளியது. செயற்கூறுகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வெளியிலிருந்து அழைக்கப்படும் வாசல் வேலைகள் மட்டும் பூட்டைப் போடட்டும். உள்ளுக்குள் நடக்கும் வேலைகள் பூட்டைத் தொடவே கூடாது. பூட்டு ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் மட்டும் ஓட வேண்டும். வாசல் வேலை இன்னொரு வாசல் வேலையை அழைக்காமல் உள்வேலையையே அழைக்க வேண்டும். இப்படி எழுதினால், எந்த இடத்தில் கணக்கு முழுமையாக இருக்கிறது, எந்த இடத்தில் பாதியில் இருக்கிறது என்பதை எழுதுபவர் ஒவ்வொரு முறையும் யோசித்தே ஆக வேண்டும். பாசிக்ஸ் இழைகளின் தரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் பியூட்டன்ஹாஃப் போன்றவர்கள் மீள்நுழைவுப் பூட்டை எச்சரிக்கையோடு பார்ப்பதற்கும் இதுவே காரணம். யோசிக்காமல் தப்பிக்க அது வழி செய்து கொடுத்துவிடுகிறது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று: பூட்டை வைத்துக்கொண்டே ஒரு நிகழ்ச்சிக்காகக் காத்திருக்க நேரும்போது, தற்காலிகமாகப் பூட்டைத் திறந்துவிட்டுத்தான் தூங்க வேண்டும். இரண்டு முறை பூட்டிவிட்டு ஒரு முறை மட்டும் திறந்தால் சாவி மடியிலேயே தங்கிவிடும். எழுப்ப வேண்டியவரும் உள்ளே வர முடியாது. ஜாவா எல்லா எண்ணிக்கையையும் விட்டுவிட்டுத் தூங்க வைக்கிறது. பாசிக்ஸில் அந்த உறுதி இல்லை. மற்றொன்று: இரண்டு பூட்டுகள் இருந்தால் மீள்நுழைவு உதவாது. ஒருவர் கிடங்குச் சாவியை வைத்துக்கொண்டு தோணிக்குக் காத்திருக்க, மற்றொருவர் தோணியை வைத்துக்கொண்டு கிடங்குச் சாவிக்குக் காத்திருந்தால் பொழுது சாயும் வரை இருவரும் நிற்க வேண்டியதுதான். எவரானாலும் முதலில் சாவி, பிறகு தோணி என்று வரிசை வகுப்பதே அதற்கு மருந்து.

செவ்வாயில் ஒரு பூட்டு

பூட்டியவர் பெயரைச் சிலேட்டில் எழுதும் பழக்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. அதில் தமிழகத்தோடு தொடர்புள்ள ஒருவரின் பங்கும் இருக்கிறது.

1997 சூலை 4 அன்று அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணிப்பொறி அடிக்கடி தானாகவே நின்று மறுபடி தொடங்கலாயிற்று. காரணம் ஒரு பூட்டு. வானிலைத் தகவல் திரட்டும் கடைநிலை இழை ஒன்று பூட்டை வைத்திருந்தது. மிக முக்கியமான இழை ஒன்று அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. இடைநிலை இழைகள் குறுக்கே வந்து, கடைநிலை இழையை வேலை செய்ய விடாமல் தங்கள் வேலையைப் பார்த்தன. தோட்டத்து வழக்கில் சொன்னால், பெரிய துரை கிடங்குச் சாவிக்குக் காத்திருக்கிறார்; சாவி வைத்திருக்கும் கடைசித் தொழிலாளியையோ கங்காணிமார் 'நீ ஓரமாக நில்' என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முக்கிய வேலை முடியவில்லை என்று கண்ட காவல் கடிகாரம் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டது.

இந்த நோய்க்கு மருந்தை முன்பே எழுதி வைத்திருந்தவர்கள் மூவர்: லூய் ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. 1990இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை சொன்ன வழி: பெரியவர் காத்திருக்கும் சாவி சிறியவர் கையில் இருந்தால், அதைத் திருப்பித் தரும் வரை சிறியவருக்குப் பெரியவரின் தகுதியைக் கொடுத்துவிடு. சாவி யாரிடம் என்று பூட்டுக்குத் தெரிந்தால்தானே இப்படிச் செய்ய முடியும்? மீள்நுழைவுக்குத் தேவைப்பட்ட அதே பெயர் இங்கேயும் தேவைப்பட்டது. பாத்ஃபைண்டரில் இருந்த விஎக்ஸ்வொர்க்ஸ் இயக்க அமைப்பின் மியூடெக்ஸ் பூட்டுகளில் இரண்டு வசதிகளும் உண்டு. ஆனால் தகுதி கொடுக்கும் வசதி அந்தப் பூட்டில் மட்டும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பொறியாளர்கள் பூமியில் அதே கோளாறை வரவழைத்துக் காரணத்தைக் கண்டு, அந்த வசதியை இங்கிருந்தே இயக்கினர். கோளாறு நின்றது.

ராஜ்குமார் 1984இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டம் பெற்று, பின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் சென்றவர். 1997 டிசம்பரில் ஒரு மாநாட்டில் டேவிட் வில்னர் செவ்வாய்க் கதையைச் சொன்னபோது, கட்டுரை எழுதிய மூவரும் அரங்கில் இருந்தனர். பலத்த கரவொலி எழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஒருவரின் சிந்தனை, செவ்வாயில் நின்று நின்று ஓடிய ஒரு கணிப்பொறியை ஓட வைத்தது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

நம் பிள்ளைகளுக்கு

2001 கணக்கெடுப்பில் 5,312 பேர் வாழ்ந்த கட்சாலில், 2011இல் 2,685 பேரே இருந்தனர். இடையில் 2004 டிசம்பர் 26 வந்தது. நிக்கோபாரி மக்களும் தமிழரும் பிறரும் ஒரே அலையில் போனார்கள். அந்த நாட்களில் முகாம் முகாமாக, பட்டியல் பட்டியலாகப் பெயர் தேடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு பெயர் பட்டியலில் இருப்பதும் இல்லாததும் என்ன என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கணக்கு என்பது வெறும் எண் அல்ல, ஆள்.

2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பி வடம் நம் தீவுகளுக்குத் திறந்து வைக்கப்பட்டது. கட்சாலுக்கு அண்டையிலுள்ள கமோர்ட்டா வரை அது வந்துவிட்டது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் நம் பிள்ளைகள் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அவர்கள் எழுதப் போகும் நிரல்களில் யாரோ ஒருவருடைய கூலியோ, சீட்டோ, மருந்தின் அளவோ இருக்கும். அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: இலக்கணத்தை எந்த மொழியில் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்யுங்கள், காரணத்தை மட்டும் தாய்மொழியில் ஒரு முறை உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். சொல்ல வராவிட்டால் இன்னும் புரியவில்லை என்று பொருள். நின்றுபோன நிரலை ஓட வைக்குமுன், அது ஏன் நின்றது என்று கேளுங்கள்.

தங்கை மகள் அடுத்த தேர்வுக்குப் போய்வந்தாள். இந்த முறையும் அதே கேள்வி கேட்டார்களா என்றேன்.

"இல்லை மாமா, வேறு என்னென்னவோ கேட்டார்கள். ஆனால் உங்கள் சிலேட்டை நான் விடவில்லை. கடைசியில் நானே அந்தப் பேச்சை எடுத்துக் கிடங்குச் சாவி கதையைச் சொன்னேன். கேட்டவர் சிரித்துவிட்டு, 'பாதிக் கணக்கைப் பார்த்தால் என்ன ஆகும்?' என்றார்."

"நீ என்ன சொன்னாய்?"

"அம்மாச்சியைப் பற்றிச் சொன்னேன். தராசு முள் நிற்கும் வரை நகரமாட்டார் என்று."

வேலை கிடைத்ததா என்பது அடுத்த மாதம் தெரியும். புரிந்துகொண்டாள் என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.